வெஷ்னாவைக் கரையேற்றியது

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். எடிட்டர் வார்ட். வாசகர் கடிதங்களைப் பார்க்கும் லொரெய்ன். கம்ப்யூட்டர் பிரிவு ரமேஷ், கோயம்புத்தூர்க்காரர். வேரா என்ற ரஷ்யக்கார அம்மாள், எழுபது தாண்டியவர், மடியில் எங்கள் கம்பெனி அட்லஸ். கதவை ஒட்டி நான். மொத்தம் ஐந்து பேர். நடந்தது என்ன என்று தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் நான் ரிட்டையர் ஆனேன். கடைசி நாள் கேக் வெட்டினார்கள். புதிதாக வந்த தமிழ் இன்ஜினியர்கள் இரண்டு பேர் கம்ப்யூட்டரில் உலகப் படத்தை ஓட்டிக் காட்டினார்கள்.

"எந்த ஊர் வேணும்னாலும் சொல்லுங்க அங்கிள், ஜூம் பண்றேன்."

வெஷ்னா என்றேன். வந்தது. மேற்குக் கரையில். மயிரிழை பிசகாமல் நான் வைத்த அதே இடத்தில்.

"இதை எங்க இருந்து எடுத்தீங்க?"

"டேட்டா வெளியில வாங்கினது அங்கிள்."

"அவங்க எங்க இருந்து எடுத்தாங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "டேட்டாபேஸ் அங்கிள்."

எனக்குக் கேக் இறங்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் திருத்திய தப்பு. எங்கள் பழைய அட்லஸைப் பார்த்து எவனோ காப்பி அடித்திருக்கிறான். அவனைப் பார்த்து இன்னொருவன். அது சுற்றிக்கொண்டு கடைசி நாளில் என் கேக்குக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. விஷயத்தைச் சொன்னேன். "எழுதிக் குடுங்க அங்கிள், தமிழ்ச் சங்க மலர்ல போடலாம்" என்றார்கள். நான் படித்தது ஏழாம் வகுப்பு. தெரிந்த அளவு எழுதுகிறேன்.

என் தொழில் சிவகாசியில் ஆரம்பித்தது. காலண்டர் அச்சடிக்கும் ஆபீசில் நெகடிவ் ரீடச்சிங். முருகன் படத்தில் மயில் கழுத்து நீலம் கோட்டைத் தாண்டி வழிந்தால் அதை உள்ளே தள்ளுவது என் வேலை. யாரையும் கேட்க மாட்டோம். கேட்டால் போர்மேன், "மூஞ்சியில ரெண்டு கண்ணு எதுக்கு இருக்கு?" என்பார். கை பட்டதே தெரியாமல் சரி செய்பவன்தான் அங்கே நல்ல தொழிலாளி. பதினெட்டு வருஷம் அப்படியே பழகிவிட்டேன். தங்கை இங்கே அமெரிக்காவில் சிட்டிசன் ஆனதும் எங்களுக்கு விசாவுக்கு எழுதிப் போட்டாள். காகிதம் வந்தது. நியூ ஜெர்சி வந்தோம். இரண்டு வருஷம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். பிறகு இந்த மேப் கம்பெனி. என் கையைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். படிப்பைக் கேட்கவில்லை.

கம்ப்யூட்டருக்கு முன்னால் மேப் எப்படிச் செய்தோம் என்று கேட்கிறார்கள். ஷீட் ஷீட்டாகச் செய்தோம். கண்ணாடி போன்ற ஃபிலிம். கறுப்பு ஷீட்டில் ஊர்ப் புள்ளியும் பெயரும். நீல ஷீட்டில் ஆறு, ஏரி, கடல். சிவப்பில் ரோடு. பழுப்பில் மலை. எல்லா ஷீட்டுக்கும் மேல் ஓரத்தில் ஒரே மாதிரி ஓட்டை. மேசையில் பித்தளை ஊசி. ஊசியில் மாட்டினால் ஒன்றன் மேல் ஒன்று அச்சாக உட்காரும். அடியில் விளக்கு. ஊர்ப் பெயர்களை மெல்லிய ஃபிலிமில் அடித்து, பின்னால் மெழுகு தடவித் தருவார்கள். கத்தியால் நறுக்கி, இடுக்கியால் எடுத்து, புள்ளிக்குப் பக்கத்தில் ஒட்டி, எலும்புக் கட்டையால் தேய்க்க வேண்டும். இதையே ரமேஷ் வந்து 'லேயர்' என்று எனக்குப் பாடம் எடுத்தார். கேட்டுக்கொண்டேன்.

வார்ட் என்னை மர்ஃபி என்றுதான் கூப்பிடுவார். முருகேசன் அவர் வாயில் நுழையவில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தினால்கூடத் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். மேசைக்குப் பின்னால் வந்து நிற்பார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு இடத்தில் வைப்பார். குனிந்து பார்ப்பார். நிமிர்வார். ஒரே வார்த்தை.

"சோர்ஸ்?"

அதாவது, இது எங்கிருந்து வந்தது? அவர் வைத்த சட்டம், மேப்பில் எது நகர்ந்தாலும் ஒரு மஞ்சள் கார்டு. என்ன மாறியது, எதைப் பார்த்து மாற்றினாய், யார் மாற்றியது. ஒரு கமா மாறினாலும் கார்டு. கார்டுகள் நாடு வாரியாக இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டிச் சாவி அவர் பெல்ட்டில். பன்னிரண்டு பத்துக்குச் சீஸ் சாண்ட்விச்சைப் பிரிப்பார். அப்போதும் சாவி இடுப்பில்தான். எனக்குக் கார்டு எழுதுவது என்றால் வேப்பெண்ணெய். இங்கிலீஷில் எழுத வேண்டும். ஒரு கார்டுக்கு கால் மணி நேரம். அந்த நேரத்தில் நாற்பது பெயர் ஒட்டிவிடுவேன்.

பிறகு ரஷ்யா உடைந்தது. அங்கே உடைந்ததில் இங்கே நியூ ஜெர்சியில் எங்கள் முதுகு உடைந்தது. ஒவ்வொரு ஊரும் பெயரை மாற்றியது. எழுபது வருஷம் சும்மா இருந்தவர்கள் ஒரே வருஷத்தில் மாற்றினார்கள். ஒரு ஊர்ப் பெயர் மாறினால் எனக்கு ஐந்து இடத்தில் வேலை. நாட்டுப் படம், கண்டப் படம், உலகப் படம், பின்னால் அகர வரிசை, பழைய பெயருக்கு இன்னொரு வரிசை. ஒட்டி முடித்து மெழுகு காய்வதற்குள் அடுத்த தாள் வரும். அதில் போன வாரம் மாற்றிய ஊர் மறுபடி மாறியிருக்கும். "இவனுகளுக்கு வேற வேலையே கெடையாதா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். தமிழில் கேட்டதால் பிரச்சினை வரவில்லை.

அந்த அவசரத்தில் கம்பெனி ரஷ்யாவுக்கு ஒரு புது நீல ஷீட் வாங்கியது. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தது. அருமையான கோடு. கறுப்பு ஷீட் மட்டும் பழையது, ரொம்பப் பழையது. இரண்டையும் ஊசியில் மாட்டினேன். விளக்கைப் போட்டேன். பார்த்தால் அங்கங்கே ஊர்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. அணை கட்டி, ஆறு ஏரியாகி, பழைய புள்ளி நீலத்தில் மாட்டிக்கொண்டது. நான் அதைக் குளியல் என்பேன். 'இன்னைக்கு ஏழு ஊர் குளிக்குது.'

என்ன செய்ய வேண்டும்? கார்டு எழுதி, வார்டிடம் கொடுத்து, அவர் சோர்ஸ் தேடி, ஒரு வாரம் கழித்துச் சொல்ல வேண்டும். நான் என்ன செய்தேன்? கத்தி முனையால் புள்ளியைச் சுரண்டி எடுத்து, பக்கத்தில் எந்தக் கரையோ அந்தக் கரையில் வைத்தேன். ஒரு மில்லிமீட்டர். மயில் கழுத்து நீலத்தை உள்ளே தள்ளுவது மாதிரி. கை பட்டது தெரியவில்லை. எனக்குத் திருப்தி.

வெஷ்னா அப்படி நகர்ந்த ஒன்று. வோல்காவில் கலக்கும் ஒரு ஆற்றங்கரை. மிகச் சின்ன வட்டம் போடுகிற ஊர். தண்ணீருக்குள், மேற்குக் கரைக்குப் பக்கத்தில் நின்றது. மேற்கே தள்ளினேன். அதை நான் நினைவு வைத்திருக்கக் காரணம், அங்கே இடம் போதாமல் பெயரைக் கொஞ்சம் வளைத்து ஒட்ட வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஐந்து கிலோமீட்டர். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அட்லஸ் அச்சாகி வெளியே போனது. அடுத்த வசந்தத்தில் வேரா அம்மாள் வந்தார். அந்த அறை. அந்த ஐந்து பேர்.

அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷ் மாதிரிதான். சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. பிறந்தது வெஷ்னாவில். பத்தொன்பது வயதில் நர்ஸ் படிப்புக்கு மேற்கே ஒரு நகரத்துக்குப் போனார். அங்கே யுத்தம் வந்து பிடித்துக்கொண்டது. ஜெர்மன்காரன் வேலைக்கு இழுத்துப் போனான். யுத்தம் முடிந்து அகதி முகாம், பிறகு நியூ ஜெர்சி. ஊரில் தங்கை சோயா. ஐம்பது வருஷமாகப் பார்க்கவில்லை. கடிதப் போக்குவரத்தே இப்போதுதான். சோயாவுக்கு இருதயக் கோளாறு. கோடை வரைகூடத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசா பன்னிரண்டு நாள். ஏப்ரல் கடைசியில் பயணம்.

"அங்க இறங்கினதும் எந்த ரயில் லைன்ல போறேன்னு பேப்பர்ல எழுதணும். ஆத்துக்கு மேற்க ஒரு லைன், கிழக்க ஒரு லைன். சோயா கிழக்கு லைன்ல இறங்குன்னு எழுதியிருக்கா. உங்க புத்தகம் மேற்குங்குது. எது?"

"உங்க ஞாபகத்துல எது?" என்றார் வார்ட்.

"மேற்கு! காலையில சூரியன் ஆத்துக்கு மேலதான் வரும். நான் பொறந்த ஊர், எனக்குத் தெரியாதா? சோயாவுக்குச் சின்ன வயசுலேர்ந்தே இடது வலது தெரியாது. செருப்பையே மாத்தித்தான் போடுவா. இப்பக் கேட்கணுமா!"

லொரெய்ன் சிரித்தாள். வார்ட் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து அட்லஸில் வைத்தார். பார்த்தார். எழுந்தார். சாவியால் இரும்புப் பெட்டியைத் திறந்தார். ரஷ்யக் கார்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெட்டியை மூடினார்.

"வெஷ்னாவுக்குக் கார்டு இல்ல. கார்டு இல்லன்னா யாரும் தொடலைன்னு அர்த்தம். பழைய அரசாங்க மேப்ல இருந்து எடுத்தது அப்படியே இருக்கு. மேற்குக் கரை. நீங்க நம்பலாம்."

நம்பலாம் என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

ரமேஷ் என் காதருகே, "என்னங்ணா, மூஞ்சி இப்படி வேர்க்குது?" என்றார்.

"ஹீட்டர்."

"ஹீட்டர் ஆஃப்ல இருக்குதுங்ணா."

வேரா அம்மாள் அட்லஸை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார். நான் மேசைக்குப் போய் எட்டு பெயர் ஒட்டினேன். எட்டும் கோணல்.

வீட்டில் பாக்கியத்திடம் சொன்னேன். என் மனைவி. டேகேர் ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் புள்ளிய நீங்கதான வச்சீங்க?"

"ஆமா."

"அப்ப நாந்தான் வச்சேன்னு சொல்லிப்புட வேண்டியதுதான."

"சொன்னா வேலை போயிரும். ஆறு பேர் இருந்த மேசையில இப்ப மூணு பேர். கம்ப்யூட்டர்காரனுக சாக்குத் தேடிக்கிட்டு இருக்கானுக."

"போனாப் பெட்டி தூக்குங்க. முன்ன தூக்கலையா?"

"ஊரு எந்தப் பக்கம்னு எனக்கே தெரியாது. என்னன்னு போய்ச் சொல்ல?"

"அப்பத் தெரிஞ்சுக்கிட்டுப் போய்ச் சொல்லுங்க. அந்தக் கிழவி மேற்க போயி நடுக்காட்டுல நின்னா, தங்கச்சிக்காரி கிழக்க வாசலப் பாத்துக்கிட்டே செத்துப் போவா. பேசாம சாப்பிடுங்க."

குழம்பை ஊற்றினாள்.

மேப் அறையில் கீழ் டிராயர் ஒன்று உண்டு. ரஷ்யா உடைந்த பிறகு அவர்களே விற்ற பெரிய அளவு மேப்புகள். கட்டுக் கட்டாக வந்து கிடந்தன. பிரித்து அடுக்க ஆள் இல்லை. எல்லாம் ரஷ்ய எழுத்து. எனக்கு ஒரு எழுத்து தெரியாது. சோயா அனுப்பிய கடித உறையை லொரெய்ன் காப்பி எடுத்து வைத்திருந்தாள். அனுப்புநர் முகவரியில் ஊர்ப் பெயர் எது என்று வேரா அம்மாளே அன்று விரல் வைத்துக் காட்டியிருந்தார். ஐந்து எழுத்து. முதலில் இங்கிலீஷ் பி மாதிரி. நடுவில் மூன்று பல் சீப்பு. அதற்கடுத்து ஏணியின் ஒரு படி. அந்தச் சீப்பைத் தேட ஆரம்பித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் தேட முடியும். முதல் நாள் ஆறு போகிற ஷீட்டுகளைப் பிரித்து எடுப்பதிலேயே போய்விட்டது. நீல ஷீட்டில் ஏரியின் உருவத்தைப் பார்த்துவைத்துக்கொண்டேன். ஆட்டின் பின்னங்கால் மாதிரி ஒரு வளைவு. இரண்டாம் நாள் ஆட்டுக்கால் கிடைக்கவில்லை. ரஷ்யாவில் எத்தனை அணை என்று அன்றுதான் தெரிந்தது. ரமேஷ் தயிர்சாத டப்பாவோடு வந்து நின்றார்.

"என்னங்ணா தேடறீங்க? சொன்னீங்கன்னா நானும் தேடுவேன்ல."

"மூணு பல்லு சீப்பு."

"சீப்பா? ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டர்ல தேடுனா ஒரு நிமிஷங்ணா."

"உங்க கம்ப்யூட்டருக்கு ரஷ்ய எழுத்து தெரியுமா?"

"அது தெரியாதுங்ணா."

"எனக்கும் தெரியாது. சமம்தான். கொஞ்சம் நகருங்க தம்பி, வெளிச்சத்த மறைக்காதீங்க."

மூன்றாம் நாள் ஆட்டுக்கால் கிடைத்தது. மேற்குக் கரை முழுவதும் விரலால் தடவினேன். காடு, சதுப்பு, காடு. நான் வைத்த புள்ளி இருந்த இடத்தில் சதுப்புக் குறி. பழைய புள்ளி இருந்த இடத்தில் தண்ணீர். கிழக்குக் கரையில், மேட்டில், சீப்பு இருந்தது. ஐந்து எழுத்தையும் உறையோடு வைத்துப் பார்த்தேன். அதுதான். இரண்டு கரைக்கும் நடுவில் பாலம் என்று ஒரு கோடு இல்லை. படகு போகும் புள்ளிக்கோடு மட்டும். ஏப்ரலில் அங்கே பனிக்கட்டி உடையும் சமயம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். படகும் போகாது. நடக்கவும் முடியாது. மேற்கிலிருந்து கிழக்கு லைனுக்கு ரயிலில் சுற்றிப் போக இரண்டு நாள்.

அந்த மூன்று நாளும் தேடினேன் என்பது நிஜம். பயந்துகொண்டிருந்தேன் என்பதும் நிஜம். முதல் நாளே வார்டிடம் சொல்லியிருந்தால் அவர் அரை நாளில் கண்டுபிடித்திருப்பார்.

மஞ்சள் கார்டை எடுத்தேன். என்ன மாறியது: வெஷ்னா, மேற்கிலிருந்து கிழக்குக்கு. சோர்ஸ்: ரஷ்ய ஷீட், அதன் எண். யார்: முருகேசன். கீழே இன்னொரு வரி எழுதினேன். முன்பு ஒரு முறை நகர்த்தப்பட்டது. யார்: முருகேசன். இதற்கு இருபது நிமிஷம் ஆனது. பன்னிரண்டு பத்துக்கு அவர் மேசையில் வைத்தேன். சாண்ட்விச் பாதி பிரித்த நிலையில் இருந்தது.

படித்தார். மறுபடி படித்தார்.

"யார் இந்த முருகேசன்?"

"நான்தான்."

கார்டின் கீழ் வரியில் விரலை வைத்தார்.

"முன்னாடி நகர்த்தினதுக்கு சோர்ஸ்?"

என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முகம் சுவர் மாதிரி வெளுத்தது. "நம்பலாம்னு சொன்னேன்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. சாண்ட்விச்சை மறுபடி மடித்தார். வேரா அம்மாளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. கால் மணி கழித்துப் போட்டார். எடுக்கவில்லை. லொரெய்ன் காலண்டரைப் பார்த்து, "வியாழக்கிழமை ஃப்ளைட்னு சொன்னாங்க" என்றாள். அன்று செவ்வாய்.

"வீட்டு முகவரி இருக்கா?" என்று அவளைக் கேட்டார். என்னைப் பார்த்து, "நீ போ. ஷீட்டோட காப்பி எடுத்துக்கிட்டுப் போ."

பார்க்வே நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரம். ரஷ்யக்காரர்கள் நிறைய இருக்கும் இடம். வெங்காயக் குமிழ் மாதிரி கோபுரம் வைத்த ஒரு சர்ச். அதற்குப் பின்னால் அவர் வீடு. மணியடித்தேன். சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தார். உள்ளே பெட்டி கட்டிக் கிடந்தது.

"யாரு?"

"அட்லஸ் ஆபீஸ். அன்னைக்குக் கதவு பக்கத்துல நின்னேன்."

"என்ன வேணும்?"

"வெஷ்னா கிழக்குல இருக்கு. மேற்கு தப்பு. தப்பு என்னுது."

"நீ எடிட்டரா?"

"இல்ல. ஒட்டுறவன்."

"எடிட்டர் கண்ணாடி வச்சுப் பாத்தார். பெட்டியத் திறந்து பாத்தார். மேற்குன்னார். நீ ஒட்டுறவன் வந்து கிழக்குங்கிற!"

"நான் நகர்த்தினது அவருக்குத் தெரியாது."

"ஊரை நகர்த்தினியா? நீயா?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வேலையைப் பணயம் வைத்து வந்து நிற்கிறேன். இந்த அம்மாள் என்னைப் பேப்பர் போடுகிறவன் மாதிரி பார்க்கிறார். ஷீட்டின் காப்பியைக் கதவு இடுக்கில் நீட்டினேன். "உங்க ஊர்க்காரன் போட்டது. நீங்களே படிங்க."

வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். உதடு அசைந்தது. விரல் மேற்குக் கரையில் ஓடியது, நின்றது, தண்ணீருக்குள் போனது.

"இது என்ன நீலம்?"

"தண்ணி."

"எங்க ஆறு இவ்வளவு அகலம் கிடையாது. கரையில நின்னு கூப்பிட்டா அந்தப் பக்கம் கேட்கும்."

"அணை கட்டியிருக்காங்க. நீங்க வந்த பிறகு."

"சர்ச் இங்க. சந்தை இங்க. கயிறு திரிக்கிற கொட்டகை இங்க. எங்க வீடு..." விரல் நீலத்தில் ஒவ்வொரு இடமாக வைத்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்னை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். "இங்க யார் தண்ணி வச்சது?"

"அது நான் இல்லம்மா."

கதவு முகத்தில் சாத்தப்பட்டது. நம்பினாரா, இல்லையா, தெரியாது. காப்பியும் உள்ளே போய்விட்டது. படியில் நின்றேன். வந்த வேலை முடிந்ததா என்று யாரைக் கேட்பது? காரை நோக்கி நடந்தேன். பின்னால் ஜன்னல் திறந்தது.

"ஏய்! கிழக்கு லைன்ல எந்த ஸ்டேஷன்?"

"பேப்பர்ல இருக்கு. நீங்கதான் படிக்கணும். எனக்கு ரஷ்யன் தெரியாது!"

"மேப் ஆபீஸ்ல வேலை பாக்குறானாம்" என்றார். ஜன்னல் மூடியது.

ஜூன் மாதம் வேரா அம்மாள் ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு போட்டோ. இந்த முறை வார்ட் எழுந்து நாற்காலி போட்டார்.

ஸ்டேஷனில் சோயாவின் மகன் வண்டியோடு நின்றிருக்கிறான். சோயா வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு தங்கை சொன்ன முதல் வார்த்தை: "கிழக்குன்னு எழுதினேன்ல?"

"பன்னிரண்டு நாளும் சொல்லிக் காட்டினா" என்றார் வேரா அம்மாள். "சாயங்காலம் சூரியன் தண்ணியில விழுது. எனக்கு அது பழகவே இல்ல. தலைகீழா இருந்துச்சு."

அணை நிறையும் முன்னால் ஊரைக் காலி பண்ணச் சொன்னார்களாம். எல்லாம் மர வீடு. வீட்டைப் பிரித்து, ஒவ்வொரு கட்டையிலும் உளியால் ஒரு நம்பர் வெட்டி, கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி அக்கரைக்கு மிதக்கவிட்டார்கள். அங்கே மேட்டில் நம்பரைப் பார்த்து அதே வரிசையில் அடுக்கினார்கள். சர்ச் செங்கல். அதைக் கொண்டுபோக முடியவில்லை. தண்ணீர் குறைந்த வருஷம் அதன் சுவர் வெளியே தெரியுமாம்.

போட்டோவில் சோயா வீட்டுச் சுவர். கட்டைகளின் முனையில் வெட்டிய நம்பர்கள் தெரிந்தன. ஓரத்து ஜன்னல் சாய்ந்திருந்தது.

"அங்க ஒரு கட்டைக்கு எங்க அப்பா நம்பர் போட மறந்துட்டார். எந்த இடம்னு தெரியாமக் குத்துமதிப்பா வச்சாங்க. அந்த ஜன்னல் இன்னைக்கு வரைக்கும் மூட மாட்டேங்குது. குளிர் காலத்துல துணி அடைக்கிறா."

வார்ட் பூதக்கண்ணாடியை அந்த ஜன்னல் மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

இலையுதிர் காலத்தில் வேரா அம்மாளிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. சோயா செப்டம்பரில் இறந்துவிட்டாள் என்று இருந்தது. டாக்டர் சொன்னதைவிட ஒரு கோடை அதிகம்.

என் வேலை போகவில்லை. இரக்கம் காரணம் இல்லை. போட்டோவைக் கொடுத்துவிட்டு வேரா அம்மாள் போன அன்றே வார்ட் என் மேசைக்கு வந்தார். பின்னால் நிற்கவில்லை. எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெஷ்னா மட்டும்தானா?"

"இல்ல."

"எத்தனை?"

"தெரியாது."

"உன்னை அனுப்பிட்டா நீ எதை எதை நகர்த்தினன்னு யாருக்குமே தெரியாது. அதனால நீ இருக்க. ஒட்டுற வேலைய நிறுத்து. மொதல்ல எண்ணு."

பழைய நெகடிவ்களைக் கிடங்கிலிருந்து எடுத்தேன். பழைய கறுப்பை ஊசியில் மாட்டினேன். மேலே புதுக் கறுப்பு. இரண்டு புள்ளியும் ஒன்றாக விழுந்தால் ஒரு புள்ளி தெரியும். நகர்த்தியிருந்தால் இரண்டு தெரியும், ஊர் இரண்டு கண்ணையும் முழித்துப் பார்க்கிற மாதிரி. ரஷ்யா மட்டும் இல்லை, நான் கை வைத்த எல்லா நாடும். இரண்டு தெரிந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மஞ்சள் கார்டு. சோர்ஸ் என்ற இடத்தைக் காலியாக விட்டேன். அதை வார்ட் நிரப்பினார். ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் ரமேஷ் காலையில் வந்து, "இன்னைக்கு எத்தனை ஊருங்ணா கண்ணு முழிச்சுது?" என்று கேட்பார். ஒரு நாள் இடுக்கியை அவர் மேல் எறிந்தேன். படவில்லை.

அடுத்த பதிப்பில் எல்லாம் சரியான இடத்துக்கு வந்தன. ஆனால் அதற்கு முந்தின பதிப்பு ஊரெல்லாம் போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் எவனோ இந்த டேட்டாவைச் செய்திருக்கிறான். அதைத்தான் காசு கொடுத்து வாங்கி, கேக் வெட்டும் நாளில் என்னிடமே காட்டினார்கள். வெஷ்னா ஒன்றைச் சரி செய்தால் போதும் என்று அந்த இன்ஜினியர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார்டுகள் அதே இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. வார்ட் போய்விட்டார். சாவி லொரெய்னிடம். தம்பிகளா, உங்கள் டேட்டாவில் மொத்தம் எத்தனை ஊரைத் தேட வேண்டும் என்பதை அன்று கேக்கோடு நின்றுகொண்டு சொல்ல மனம் வரவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று.